மாசி வீதியில் சித்திரைத் தேர்

(சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் மதுரையில், வீடியோ தொழில் செய்வோரும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'பல வீடியோத் துண்டுகளை ஒரே கோப்பாக இணைப்பது'. அழைப்பிதழைப் பார்த்த என் மச்சினன் சிரித்தான். "இதுக்குப் போயி ஒரு மணி நேரமா பேசுவீங்க மச்சான்? செல்லுல ரெண்டு தட்டு தட்டுனா சேந்துருது" என்றான். சேரும்தான். சேர்ந்த பிறகு சத்தம் ஒரு வழி, வாய் ஒரு வழி போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்களில் அவனும் ஒருவன். முப்பது வருஷமாக இந்த ஊரில் கல்யாண வீடியோ மிக்சிங் செய்து பிழைக்கிறேன். அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நம்ம ஊர்த் தேர் எந்த மாதம் ஓடுகிறது? சித்திரை. எந்த வீதியில் ஓடுகிறது? மாசி வீதியில். சித்திரை வீதி என்று நான்கு வீதிகள் கோயில் மதிலுக்கு வெளியே பக்கத்திலேயே இருக்கும்போது, சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியைச் சுற்றுகிறது?

பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், அதனால் கேட்பதில்லை. மீனாட்சியம்மன் கல்யாணமும் தேரும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தவை. அழகர்கோயில் பெருமாளான அழகர் சித்திரைப் பௌர்ணமிக்கு மலையிலிருந்து இறங்கி, அலங்காநல்லூர் வழியாகத் தேனூருக்குப் போய் அங்கே வைகையில் இறங்குவார். இரண்டும் வேறு வேறு ஊர், வேறு வேறு மாதம், வேறு வேறு சமயம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில்தான் மாசித் திருவிழா சித்திரைக்கு வந்தது, தேனூரில் இறங்கிய அழகர் மதுரைக்கு வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அறுவடை முடிந்து சனங்கள் கையில் ஓய்வு இருக்கும் மாதம் என்றும், சைவ வைணவ ஒற்றுமைக்காக என்றும் காரணங்கள் பல சொல்வார்கள். காரணம் எதுவானாலும், இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றாக இணைத்தார்கள். இந்த ஊர் கண்ட மிகப் பெரிய மிக்சிங் அதுதான்.

அந்த இணைப்பு எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். இரண்டு விழாவையும் ஒரே நாளில் திணிக்கவில்லை. திருக்கல்யாணம் ஒரு நாள், தேர் மறுநாள், அழகர் ஆற்றில் இறங்குவது அதற்கும் பிறகு. இரண்டின் நாள் கணக்கும் முழுக்க ஒன்றாகி விடவில்லை. 2024-இல் ஏப்ரல் 21 திருக்கல்யாணம், 23 அழகர் ஆற்றில் இறங்கியது. இடைவெளி இரண்டு நாள். 2025-இல் மே 8 திருக்கல்யாணம், 12 அழகர். இடைவெளி நான்கு நாள். அழகருக்குப் பௌர்ணமி கணக்கு. அம்மனுக்கு அவள் கோயில் கணக்கு. இரண்டு கடிகாரம் அவை. கடிகாரம் இரண்டு என்றால் நடுவில் இடைவெளி கூடும், குறையும்.

அந்த இடைவெளியை நம் சனங்கள் எப்படிச் சமாளித்தார்கள்? கதை சொன்னார்கள். தங்கச்சி மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீரோடு வந்த அண்ணன் அழகர் வழியில் தாமதித்துவிட்டார். வருவதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார். கோயில் புராணம் கேட்டால் வேறு கதை. தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க அழகர் வருகிறார். அது நடக்கும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர். கல்யாணத்தில் அண்ணன் ஸ்தானத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். ஆனாலும் சனங்களின் மனசில் அண்ணன் அழகர்தான். இரண்டு நாள் இடைவெளியானாலும் நான்கு நாளானாலும் "லேட்டாகிப் போச்சு" என்ற ஒரே சொல் தாங்கிக்கொள்கிறது. அழகர்கோயிலை விரிவாக ஆராய்ந்த தொ. பரமசிவனின் நூலை 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இந்த விஷயத்தில் ஆசை உள்ளவர்கள் அதைப் படியுங்கள். நான் என் தொழிலுக்கு வருகிறேன்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவு. இணைக்கிறவன் முதலில் துண்டுகளை ஒத்துப்போக வைக்க வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் இடைவெளி விட்டு, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூலத்தின் அடையாளத்தை அழிக்கக் கூடாது. பேச்சு முழுக்க இந்த மூன்றைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் தூங்கிப் போனாலும் நட்டமில்லை.

இணைப்பது என்பது நம்ம ஊரில் செல்போனோடு வந்த வேலை இல்லை. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' படத்தோடு தங்கம் தியேட்டர் திறந்தது. 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரிது என்று பேசப்பட்ட தியேட்டர். கீழே இரண்டாயிரத்தைந்நூறு பேர் வசனத்துக்குக் கை தட்டிக்கொண்டிருக்க, மேலே ஆப்பரேட்டர் அறையில் நடந்தது முழுக்க இணைப்பு வேலை. 35 எம்.எம். பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டும். ஆக நிமிஷத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். மூன்று மணி நேரப் படம் என்றால் பதினாறு ரீல். படம் பெட்டியில் வரும்போதே துண்டு துண்டாகத்தான் வரும்.

பெரிய தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்றில் ரீல் தீரும்போது மற்றதில் அடுத்த ரீல் தொடங்க வேண்டும், பார்க்கிறவனுக்குத் தெரியாமல். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும், பார்த்திருப்பீர்கள். முதல் புள்ளி ரீல் முடிய எட்டு நொடிக்கு முன்னால் வரும்: அடுத்த மெஷின் மோட்டாரைப் போடு. இரண்டாவது புள்ளி கடைசி ஒரு நொடிக்கு முன்னால்: மாற்று. டூரிங் டாக்கீஸில் ஒரே மெஷின். அங்கே ஒளிக்க வழியில்லை. ரீல் தீர்ந்தால் விளக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்குப் பல இடைவேளை. முறுக்கு, சுண்டல், சோடா என்று அந்த இடைவெளிக்கும் ஒரு பயன் இருந்தது. அண்ணன் லேட்டானதாகக் கதை சொன்ன ஊர் அல்லவா, இடைவெளியை வீணாக்காது.

பிலிம் அறுந்தால் ஆப்பரேட்டர் அறுந்த பிரேமை வெட்டி, விளிம்பில் பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி அழுத்தி ஒட்டுவார். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு காட்சிக்குரிய சத்தம் அந்தக் காட்சிக்குப் பக்கத்திலேயே பதிந்திருக்காது. ஏறக்குறைய 20 பிரேம் முன்னால் பதிந்திருக்கும். ஏனென்றால் படம் காட்டும் இடமும் சத்தம் படிக்கும் இடமும் மெஷினில் வேறு வேறு. படத்துக்காக ஓரிடத்தில் வெட்டினால் சத்தம் வேறொரு காட்சியில் துள்ளும். கத்திரி ஒன்று, காயம் இரண்டு. இன்று செல்போனில் வீடியோவை இணைக்கும்போது வருகிற தொந்தரவும் பெரும்பாலும் இதே இனம்தான். படமும் சத்தமும் இரண்டு தனி ஓட்டங்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அடுத்து வந்தது கேசட் காலம். கல்யாண வீட்டில் வி.எச்.எஸ். கேமரா; கடையில் இரண்டு டெக், நடுவில் ஒரு மிக்சர். ஒன்றில் ஓட்டி, மற்றதில் பதிவு செய்ய வேண்டும். மிக்சர் வைத்துச் செய்ததால்தான் எடிட்டிங் என்று யாரும் சொல்லாமல் 'மிக்சிங்' என்றே நம்ம பக்கம் பேர் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் படம் ஒரு படி மங்கும். பெண் வீட்டுக்கு மூலத்திலிருந்து பிரதி, மாப்பிள்ளை வீட்டுக்குப் பிரதியிலிருந்து பிரதி என்றால் சம்பந்தி சண்டை நிச்சயம். பிறகு வி.சி.டி. ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிஷம் வரைதான் கொள்ளும். கல்யாணம் இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று மறுபடியும் துண்டானது.

இப்போதுதான் எல்லாம் ஒரே மெமரி கார்டில் போகிறதே, இனி ஏன் துண்டாகிறது என்று கேட்கலாம். காரணம் ஒரு பழைய எண். பல கேமராக்கள் கார்டில் பயன்படுத்தும் ஃபேட்32 என்ற கணக்கு முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. முகூர்த்தம் நடக்கும்போது 4 ஜிபி நிறைந்தால் கேமரா தானாகவே அடுத்த கோப்பைத் திறந்துகொள்ளும். தாலி கட்டுகிற கை ஒரு கோப்பில், மூன்றாவது முடிச்சு அடுத்த கோப்பில் என்று ஆவது இதனால்தான். பெரிய கார்டுகளில் வரும் புது முறைக்கு இந்த வரம்பு இல்லை. ஆனாலும் பழக்கத்தை விடாத கேமராக்கள் உண்டு.

இனி இணைக்கும் வேலை. புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்கள் செய்கிற முதல் தவறு, இரண்டு கோப்பையும் வாலும் தலையுமாக அப்படியே ஒட்டுவது. வி.சி.டி. காலத்து எம்பெக் கோப்புகளில் அது நடந்தது; அந்தக் கோப்பு ஊர்வலம் மாதிரி, பின்னால் யார் வந்து சேர்ந்தாலும் போய்க்கொண்டே இருக்கும். இன்றைய எம்பி4 அப்படியில்லை. அதற்குள் ஒரு கணக்குப் பக்கம் இருக்கிறது. எந்தப் பிரேம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். இரண்டு எம்பி4-ஐ அப்படியே ஒட்டினால் கோப்பின் எடை இரண்டு மடங்காகும். ஓட்டிப் பார்த்தால் முதல் துண்டு மட்டும் ஓடி நின்றுவிடும். இரண்டு மொய் நோட்டைச் சேர்த்துத் தைத்துவிட்டு, முதல் நோட்டின் கூட்டுத்தொகையை மட்டும் படித்த கதை. சேர்த்துத் தைத்தால் போதாது. புதுக் கூட்டுத்தொகை எழுத வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. முதல் வழி, உள்ளே இருக்கிற படத்தைத் தொடாமல் கணக்கை மட்டும் புதிதாக எழுதுவது. செல்லூர்ப் பக்கம் தறி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தறியில் பாவு தீரும்போது, புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனி இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். இழை எண்ணிக்கை ஒன்று, வரிசை ஒன்று என்றால் துணி தொடர்ந்து வரும். வீடியோவிலும் அப்படியே. ஒரே கேமரா, ஒரே அளவு, ஒரே வேகம், ஒரே சுருக்க முறை என்றால் இந்த வழியில் ஒரு மணி நேரப் படத்தைச் சில நொடியில் சேர்த்துவிடலாம். தரம் மயிரிழை குறையாது. 2000-இல் பிரான்ஸ் நாட்டு ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு, அதே எந்திரத்தின் மேல் பட்டன்கள் வைத்துக் கட்டிய லாஸ்லெஸ்கட் இருக்கிறது. அதுவும் இலவசம். 4 ஜிபி கணக்கில் கேமராவே உடைத்த துண்டுகளுக்கு இந்த வழிதான் சரி.

இரண்டாவது வழி, எல்லாத் துண்டையும் உருக்கி ஒரே அச்சில் வார்ப்பது. தெற்காவணி மூல வீதியில் பழைய நகையைக் கொடுத்தால் என்ன நடக்கும்? உருக்குவார்கள், புது நகை செய்வார்கள், சேதாரம் போடுவார்கள். வீடியோவிலும் சேதாரம் உண்டு, நேரமும் ஆகும். ஆனால் வளையலும் தோடும் மூக்குத்தியும் ஒரே சங்கிலியாக வேண்டுமென்றால் உருக்காமல் முடியாது. ஒரு போன் 2003-இல் தரப்படுத்திய எச்.264 முறையில் சுருக்குகிறது. இன்னொன்று 2013-இல் வந்த எச்.265 முறையில் சுருக்குகிறது. அவற்றை ஒரே ஓட்டமாக்க வேண்டுமென்றால் உருக்கத்தான் வேண்டும். என் அறிவுரை, ஒரே முறை உருக்குங்கள். உருக்கியதை மறுபடி வெட்டி, மறுபடி உருக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை இறக்கி மறுபடி உருக்கினால் கடைசியில் சேதாரம்தான் மிஞ்சும்.

முதல் வழியில் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுருக்கிய வீடியோவில் எல்லாப் பிரேமும் முழுப் படம் கிடையாது. எப்போதாவது ஒன்று முழுப் படம். நடுவில் வருபவை 'இந்த இடத்தில் இது மாறியது' என்ற குறிப்புகள்தான். கடைக் கணக்கில் தொடக்க இருப்பு ஒரு நாள் எழுதுகிறோம், பிறகு வரவு செலவு மட்டும் எழுதுகிறோம் அல்லவா? தொடக்க இருப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நடுவிலிருந்து படித்தால் ஒன்றும் புரியாது. முழுப் படம் இல்லாத இடத்தில் வெட்டினால் அடுத்த முழுப் படம் வரும்வரை திரை கட்டம் கட்டமாகக் குழம்பும். உருக்காமல் வெட்டுவதானால் முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். ஒரு நொடி முன்னே பின்னே ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணம். என் கேமராவில் கொஞ்சம், உறவுக்காரர் கேமராவில் கொஞ்சம். இரண்டிலும் படம் ஒரே அளவு, ஒரே வேகம். முதல் வழியில் சேர்த்தேன். என் கேமரா சத்தத்தை நொடிக்கு 48,000 மாதிரி எடுத்தது, அவருடையது 44,100. சேர்ந்த கோப்பு முதல் துண்டின் கணக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது துண்டின் சத்தத்தையும் 48,000 என்றே ஓட்டியது. சத்தம் ஒன்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேகம் பிடித்தது. அந்தத் துண்டில் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம். கடைசியில் சத்தம் முன்கூட்டியே தீர்ந்து போன இடத்தில் ஒரு சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டேன். பெண் வீட்டார் பார்த்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அந்த ஊர்வலத்தில் வாசித்த நாகஸ்வரக்காரர் கடை வாசலில் வந்து நின்றார். "தம்பி, படத்துல வாசிக்கிறது நாந்தான். ஆனா சுருதி என்னுது இல்லையே" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுருதி ஏறக்குறைய ஒன்றரைச் சுரத்தானம் ஏறியிருந்தது. அவர் கோபப்படவில்லை. போகும்போது ஒன்று சொன்னார்: "எங்க செட்டுல ஒத்து ஊதுறவர்னு ஒருத்தர் இருப்பாரு. ஒரே சுரத்தைப் பிடிச்சுட்டு நிப்பாரு. அவரு சரியா இருந்தாத்தான் மத்த எல்லாரும் ஒட்டும்." இன்று பல செட்டில் அந்த ஒத்துக் குழலின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது என் தொழிலுக்கே இலக்கணம் ஆனது. ஒத்து முதலில், ஒட்டு பிறகு.

அதனால் இப்போது எந்த வேலை வந்தாலும் முதல் அரை மணி நேரம் நான் எதையும் இணைப்பதில்லை. ஒவ்வொரு துண்டையும் திறந்து அதன் ஒத்து என்ன என்று ஒரு தாளில் எழுதுகிறேன். படத்தின் அகல உயரம், நொடிக்கு எத்தனை பிரேம், சுருக்க முறை, சத்தத்தின் மாதிரி எண்ணிக்கை. நம்ம ஸ்டுடியோ கேமராக்கள் இந்தியாவின் பழைய டிவி வழக்கப்படி நொடிக்கு 25 பிரேம். செல்போன்கள் பெரும்பாலும் 30. முப்பதை இருபத்தைந்தாக்கினால் ஆறு பிரேமுக்கு ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும். மணமேடையில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் அது தெரியாது. திரையின் குறுக்கே தேர் நகரும்போது தெரியும். வடம் பிடிக்கிறவர்கள் விக்கி விக்கி நடப்பார்கள். அதனால் எந்த வேகத்தில் அதிகத் துண்டுகள் இருக்கின்றனவோ அந்த வேகத்துக்கே மற்றவற்றைக் கொண்டு வாருங்கள்.

செல்போனுக்கு இன்னொரு குணம். வெளிச்சம் குறைந்தால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; கூடினால் கூட்டிக்கொள்ளும். விடியக்காலை ஆற்றில் எடுத்த படம் முழுக்க இப்படித்தான். அதை நிலையான வேகம் என்று நம்பி இணைத்தால் போகப் போகச் சத்தமும் படமும் விலகும். நிலையான வேகத்திலும் பொடிக் கணக்கு உண்டு. 30 என்று நாம் வாயால் சொல்வது சில கேமராக்களில் உண்மையில் 29.97. அதை 30 என்றே எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும். இரண்டு நிமிஷத் துண்டில் யாருக்கும் தெரியாது. முழு நிகழ்ச்சியில் கெட்டிமேளம் தொடங்கும் முன்பே தாலி ஏறிவிடும்.

கெட்டிமேளம் என்று சொன்னதும் ஒரு தொழில் ரகசியம். சினிமாவில் கிளாப் அடிக்கிறார்களே, எதற்கு? அந்தச் சத்தத்தையும் பலகை மூடும் பிரேமையும் வைத்து எல்லா ஓட்டத்தையும் நேர்ப்படுத்த. கல்யாண வீட்டில் நமக்குக் கெட்டிமேளமே கிளாப். மூன்று கேமரா, எட்டு செல்போன், எதில் எடுத்தாலும் அந்த மேளம் எல்லாவற்றிலும் விழுந்திருக்கும். அது வெடித்துக் கிளம்பும் இடத்தைப் பிடித்து நேர்ப்படுத்துங்கள். திருவிழாவில் வேட்டுச் சத்தம் இருக்கிறது. ஆனால் அங்கே தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 30 பிரேம் வேகத்தில் ஒரு பிரேமுக்குள் பதினொரு மீட்டர்தான் தாண்டும். ஆற்றுக்குள் நிற்பவர் போனில் கேட்ட வேட்டு, நூறு மீட்டருக்கு அப்பால் பாலத்தில் நிற்பவர் போனில் ஒன்பது பிரேம் தள்ளித்தான் கேட்கும். சத்தத்தை மட்டும் நம்பி நேர்ப்படுத்தினால் பாலத்துப் படம் அந்த அளவு பிசகும்.

அடுத்தது வரிசை. கம்ப்யூட்டர் பெயரைப் படிக்கிற விதம் நாம் படிக்கிற விதம் இல்லை. சில மென்பொருள்களுக்கு 1-க்கு அடுத்தது 10, அதற்கு அப்புறம்தான் 2. முன்னால் சைபர் போட்டு 01, 02 என்று பெயர் வையுங்கள். கோப்ரோ கேமராவில் நீளமான பதிவு உடைந்தால், துண்டு எண் பெயரில் முன்னாலும் பதிவு எண் பின்னாலும் வரும். பெயர் வரிசையில் அடுக்கினால் எல்லாப் பதிவின் முதல் துண்டும் முதலில் வந்து நிற்கும். இரண்டாம் துண்டுகள் அதற்கப்புறம். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பின் பெயரில் இருக்கும் தேதி, அது உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த தேதி. எடுத்த தேதி என்று நம்பினால், அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு முன்னால் அழகர் மலைக்குத் திரும்பிவிடுவார்.

நெட்டை, படுக்கை என்ற சண்டை வேறு. தேரை எடுக்கிறவர் போனை நிமிர்த்திப் பிடிப்பார். அந்த உயரத்துக்கு அதுதான் நியாயம். ஆற்றை எடுக்கிறவர் போனைப் படுக்க வைப்பார். பல போன்கள் நெட்டைப் படத்தையும் படுக்கையாகவே பதிந்துவிட்டு, 'காட்டும்போது திருப்பிக் காட்டு' என்று ஒரு சீட்டு எழுதி வைக்கும். முதல் வழியில் இணைக்கும்போது முதல் துண்டின் சீட்டே எல்லாத் துண்டுக்கும் போய்விடும். தங்கக் குதிரையோடு அழகர் படுத்த கோலத்தில் வருவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வடிவத்தையும் கலக்கத்தான் வேண்டுமென்றால் உருக்குங்கள். பக்கத்தில் கறுப்புப் பட்டை விடுங்கள். இழுத்து நிரப்பாதீர்கள். சாமியைக் குண்டாக்குவதைவிடக் கறுப்புப் பட்டை கௌரவமானது.

இவ்வளவும் கருவி வேலை. எதை விடுவது என்பதுதான் கலை. 2011 பொங்கலுக்கு வந்த வெற்றிமாறனின் 'ஆடுகளம்' நம்ம ஊர்க் கதை. அதைத் தொகுத்த கிஷோருக்குச் சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருது கிடைத்தது. 2015-இல், முப்பத்தாறு வயதில் அவர் போய்விட்டார். 'விசாரணை'க்காக இன்னொரு தேசிய விருது அவர் இறந்த பிறகு வந்தது. 'ஆடுகளம்' சேவற்சண்டைக் காட்சியை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். சேவல், கூட்டம், படத்தில் வரும் பேட்டைக்காரன் முகம், மறுபடி சேவல். எந்தத் துண்டும் தன் முழு நீளத்துக்கு நிற்பதில்லை. அடுத்ததற்கு இடம் கொடுத்துவிட்டு நகர்கிறது. நம்ம கல்யாண வீடியோவில் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் கேமரா இருபது நிமிஷம் நிற்கிறது. இருப்பதையெல்லாம் இணைப்பது கிடங்கு வேலை.

எடுத்ததையெல்லாம் கோக்க வேண்டாம் என்பதுபோல, எடுக்காததை இரவல் வாங்கியும் கோக்க வேண்டாம். அதற்குத் திருவிழாவே சாட்சி. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்கு அனுமதியில்லை. திருக்கல்யாணத்தை நேரலையில் பார்த்துக்கொண்டே வீட்டில் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். உங்கள் தொகுப்பில் திருக்கல்யாணம் இல்லை என்றால், யாரோ போட்ட காட்சியை இறக்கி நடுவில் சொருகாதீர்கள். கயிறு மாற்றும் உங்கள் அம்மாவின் கையை வையுங்கள். அது உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

கடைசியாக நாணயம் பற்றி. இணைத்த வீடியோ பார்க்கிறவனிடம் 'இதற்கு அடுத்து இது நடந்தது' என்று சத்தியம் செய்கிறது. ஐந்து நிமிஷம் கழித்து நடந்ததை உடனே நடந்தது போல ஒட்டினால், ஒரு பிரேமைக்கூடத் திருத்தாமலேயே பொய் சொல்லலாம். கல்யாண வீட்டில் அது விளையாட்டு. ஒரு விபத்திலோ தகராறிலோ எடுத்த காட்சியில் அது குற்றமாகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹேஷ் எண்ணை எழுத இடம் உண்டு. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு பிரேமை வெட்டினாலும், இரண்டு கோப்பைச் சேர்த்தாலும் கைரேகை மாறிவிடும். ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற உயர்நீதிமன்றக் கிளையில் போய் "நல்லா இருக்கட்டும்னு சேத்தேங்க" என்றால் எடுபடாது. அப்படிப்பட்ட காட்சி கையில் இருந்தால் எதையும் சேர்க்காமல், வெட்டாமல், எடுத்த போனிலேயே விட்டு வையுங்கள்.

அடுத்த வாரம் கொடியேறப் போகிறது. கீழமாசி வீதியில் ஒருவர், தல்லாகுளத்தில் ஒருவர், ஆற்றில் ஒருவர் என்று வீட்டுக்கு நாலு போனில் படம் எடுப்பீர்கள். விழா முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக்க ஆசை வரும். செய்யுங்கள். ஆனால் ஒன்றாக்கிய கோப்பு வந்துவிட்டதே என்று மூலத் துண்டுகளை அழித்துவிடாதீர்கள். நாள், இடம், எடுத்தவர் பெயர் மூன்றையும் கோப்பின் பெயரில் எழுதி, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இன்று நீங்கள் விட்டுவிட்ட துண்டில்தான் இருபது வருஷம் கழித்து உங்கள் பேரன் தன் தாத்தாவைத் தேடுவான்.

திருவிழாவை மாசியிலிருந்து சித்திரைக்கு மாற்றியவர்கள் நாளை மாற்றினார்கள், அழகரின் வழியை மாற்றினார்கள், புதுத் துறையில் இறக்கினார்கள். வீதியின் பெயரை மட்டும் மாற்றவில்லை. மண்டபத்தின் பெயரும் தேனூர் மண்டபமாகவே நிற்கிறது. அந்த இரண்டு பெயர்கள் மிஞ்சியதால்தான், மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் எது எங்கிருந்து வந்தது என்று என்னைப் போன்ற ஒரு மிக்சிங் கடைக்காரனால் உங்களிடம் சொல்ல முடிகிறது. உங்கள் துண்டுகளின் பெயரையும் அழிக்காதீர்கள்.